இளையோர் மகளிர் கூடைப்பந்து: ஸ்கோர் தாள் எழுதுவதற்கான முழுமையான வழிகாட்டி

2017 அக்டோபரில் 16 வயதுக்குட்பட்ட மகளிருக்கான ஆசியச் சாம்பியன்ஷிப்பும், 2018-இலும் 2022-இலும் 18 வயதுக்குட்பட்ட மகளிருக்கான ஆசியச் சாம்பியன்ஷிப்பும் பெங்களூருவில் நடைபெற்றன. ஆட்டத்தின் அதிகாரபூர்வப் பதிவான ஸ்கோர் தாளை எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அதன் பிறகு என்னிடம் வந்தவர்களில் முன்னாள் வீராங்கனைகளும், கல்லூரி மாணவிகளும், மகளைப் பயிற்சிக்கு அழைத்து வந்து இரண்டு மணி நேரம் காத்திருக்கும் தாய்மார்களும் உண்டு. அல்சூர்ப் பக்கம் ஒரு மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அவர்களோடு உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று தெளிவாயிற்று: விதி தெரியாமல் தடுமாறுகிறவர்கள் மிகக் குறைவு. எதை முதலில் எழுதுவது, எதைச் சற்றுப் பொறுத்து எழுதுவது என்ற வரிசை பிடிபடாமல் தடுமாறுகிறவர்களே அதிகம்.

அந்த வரிசையையே இங்கே எழுதுகிறேன். எல்லாம் ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதிகளின்படியான முறை. மடிக்கணினியில் பதியும் வசதி இருக்கும் இடத்திலும் காகிதத்தில் எழுதத் தெரிந்தவரே நம்பிக்கையோடு உட்கார முடியும் என்பதால், காகிதத் தாளை வைத்தே விளக்குகிறேன்.

1. மேசையில் யார் எதற்குப் பொறுப்பு என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

மேசையில் ஸ்கோரர், உதவி ஸ்கோரர், டைமர், ஷாட் கிளாக் இயக்குபவர் என்று நால்வர் இருப்பார்கள். மேசையின் வேலையை மேற்பார்வையிடும் கமிஷனர் வந்திருந்தால் அவர் ஸ்கோரருக்கும் டைமருக்கும் நடுவில் உட்காருவார். தாளை எழுதுபவர் ஸ்கோரர் ஒருவரே. உதவி ஸ்கோரர் ஸ்கோர் பலகையை இயக்கிக்கொண்டு ஸ்கோரருக்குக் கண்ணாகவும் காதாகவும் இருப்பார்.

இந்தப் பிரிவினையை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. புதியவர்கள் ஆட்ட நேரத்தையும், கூடையை நோக்கி எறிவதற்கான 24 விநாடிக் கணக்கையும் (ஷாட் கிளாக்) தாமே கவனிக்க முயன்று, தங்கள் வேலையைத் தவற விடுகிறார்கள். கடிகாரம் டைமருடையது. அதை நீங்கள் பார்க்க வேண்டிய தருணங்கள் சிலவே. டைம் அவுட்டின்போது நிமிடத்தைக் குறிப்பது அவற்றுள் முதன்மையானது.

மேசையிலிருந்து நடுவரை அழைக்கும் ஹாரன் ஆட்டத்தையோ ஆட்டக் கடிகாரத்தையோ நிறுத்தாது என்பதையும் இப்போதே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். நடுவரை அழைப்பதற்கு மட்டுமே அது பயன்படும். அதனால்தான் எப்போது அதை ஒலிக்கலாம் என்பதில் இவ்வளவு கட்டுப்பாடு இருக்கிறது.

2. தேவையானவற்றை முந்தைய நாளே எடுத்து வையுங்கள்

சிவப்புப் பேனா இரண்டு, நீலப் பேனா இரண்டு, கோடிடச் சிறு அளவுகோல் ஒன்று, கிறுக்கல் தாள் ஒன்று. முதல் குவார்ட்டரும் (10 நிமிடக் கால் பகுதி) மூன்றாவதும் சிவப்பிலும், இரண்டாவதும் நான்காவதும் கூடுதல் நேரமும் நீலத்திலோ கருப்பிலோ எழுதப்பட வேண்டும். ஆட்டம் முடிந்தபின் ஒரு ஃபவுல் எந்தக் குவார்ட்டரைச் சேர்ந்தது என்ற கேள்வி எழுந்தால் நிறம்தான் விடை சொல்லும்.

ஜெல் பேனா வேண்டாம். ஸ்கோர் தாள் ஒரு மூலமும் மூன்று நகல்களும் கொண்டது. அழுத்தி எழுதினால்தான் கடைசி மஞ்சள் தாள் வரை எழுத்து இறங்கும். மஞ்சள் நகல் தோற்ற அணிக்குப் போவது. தோற்ற அணியின் பயிற்சியாளர் கையில் எழுத்துத் தெரியாத தாளைக் கொடுப்பது முறையல்ல.

மேசையில் இருக்க வேண்டியவற்றை நீங்களே ஒருமுறை எண்ணிப் பாருங்கள்: 1 முதல் 5 வரை எண்ணிட்ட ஃபவுல் அட்டைகள் (1 முதல் 4 வரை கருப்பு எண், 5 மட்டும் சிவப்பு), அணி ஃபவுலுக்கான இரண்டு சிவப்பு அடையாளங்கள், பந்து உரிமையைக் காட்டும் அம்புக்குறி. உள்ளூர் ஆட்டங்களில் அம்புக்குறி இல்லாமல் போவது வழக்கம். தடித்த அட்டையில் ஒன்றை வெட்டிப் பையிலேயே வைத்திருப்பது நல்லது.

3. மேசைக்கு வருமுன் வீட்டில் ஐந்து ஆட்டங்களை எழுதிப் பாருங்கள்

ஃபிபாவின் யூடியூப் தளத்தில் இளையோர் மகளிர் ஆட்டங்கள் முழுமையாகக் கிடைக்கின்றன. வெற்றுத் தாளை அச்சிட்டுக்கொண்டு, காணொளியை நிறுத்தாமல் ஓடவிட்டு எழுதுங்கள். முடிந்ததும் ஃபிபா இணையதளத்தில் அதே ஆட்டத்துக்குத் தரப்பட்டுள்ள புள்ளிவிவரத்தோடு ஒப்பிடுங்கள்.

நிறுத்தி நிறுத்திப் பார்த்து எழுதினால் தாள் சரியாக வரும், பழக்கம் வராது. இந்த வேலையில் சிரமம் எழுதுவதில் இல்லை, எழுதிவிட்டுத் தலையை நிமிர்த்துவதற்குள் அடுத்த பந்து விழுந்துவிடுவதில்தான் இருக்கிறது. 16 வயதுப் பெண்களின் ஆட்டத்தில் பந்து பறிபோவதும் உடனே மறுமுனைக்கு ஓடுவதும் மிகுதி. பெரியவர்களின் ஆட்டத்தை எழுதிப் பழகியவர்களே இங்கே திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

4. ஆட்டத்துக்கு 40 நிமிடம் முன்பு: பெயர்களும் எண்களும்

ஆட்டம் தொடங்கக் குறைந்தது 40 நிமிடம் இருக்கும்போது தலைமைப் பயிற்சியாளர்கள் பட்டியலைத் தர வேண்டும். அட்டவணையில் முதலில் பெயர் வரும் அணியே ஏ அணி. மேசையிலிருந்து களத்தைப் பார்த்தால் இடப்பக்கம் அமர்வது அந்த அணி. தாளின் மேற்பகுதியில் அணிகள் இடம் மாறிவிட்டால் பிறகு ஒவ்வொரு புள்ளியும் இடம் மாறும் என்பதால், இருக்கைகளைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டே எழுதத் தொடங்குங்கள்.

ஓர் அணிக்கு 12 பேர் வரை எழுதலாம். சட்டை எண்ணின் ஏறுவரிசையில் எழுதினால் ஃபவுலின்போது தேட வேண்டியிராது. 12 பேர் இல்லையென்றால் மிஞ்சும் வரிசைகளைக் கோடிட்டு அடைத்துவிடுங்கள். திறந்து கிடக்கும் வரிசை, பின்னால் ஒரு பெயரைச் சேர்க்கச் சொல்லி யாரேனும் கேட்க இடம் கொடுக்கும்.

பெயர் எழுதுவதில் நம்மவர்களுக்கென்றே ஒரு தடுமாற்றம் இருக்கிறது. தாளில் குடும்பப் பெயரும் முதலெழுத்தும் எழுதுவது வழக்கம். நம் வீடுகளில் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர் போய் உட்கார்ந்துவிடும். அப்பா முருகன், மகள் கவிதா என்று வைத்துக்கொள்வோம். தாளில் அந்தப் பெண் 'முருகன், கே.' ஆகிவிடுவாள். பெஞ்சிலிருந்து எல்லாரும் "கவிதா, கவிதா" என்று கூப்பிட, தாளில் அந்தப் பெயரே இருக்காது.

தமிழ் தெரிந்த ஸ்கோரர்கள் இதைப் பார்த்ததும் திருத்தக் கை நீட்டுகிறார்கள். திருத்தக் கூடாது. பயிற்சியாளர் தந்த பட்டியலில் உள்ளபடியே எழுத வேண்டும், ஏனெனில் அந்தப் பெயர்தான் உரிமத்தோடும் மற்ற ஆவணங்களோடும் பொருந்தும். ஆட்டத்தில் நீங்கள் பெயரைத் தேடப் போவதே இல்லை, எண்ணைத்தான் தேடுவீர்கள். தாய்லாந்து, சமோவா, கஜகஸ்தான் அணிகளின் நீண்ட பெயர்களுக்கும் இதே விதிதான்: எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதுங்கள், ஒலித்துப் பார்த்து எழுதாதீர்கள்.

5. ஆட்டத்துக்கு 10 நிமிடம் முன்பு: ஐவரும் கையெழுத்தும்

குறைந்தது 10 நிமிடம் இருக்கும்போது பயிற்சியாளர்கள் வந்து பெயர்களையும் எண்களையும் சரிபார்த்து, தொடக்க ஐவரைச் சுட்டி, கையெழுத்திட வேண்டும். முதலில் ஏ அணி, பிறகு பி அணி.

பயிற்சியாளர் அவசரத்தில் இருப்பார். பார்க்காமலே கையெழுத்திட்டுவிட்டு ஓடப் பார்ப்பார். அவரிடம் தாளைத் திருப்பிக் காட்டி, எண்களை மட்டும் வாய்விட்டுப் படித்துச் சொல்லுங்கள். முப்பது விநாடி கூட ஆகாது. சட்டை எண் மாறியிருந்தால் அதைக் கண்டுபிடிக்க வேண்டிய நேரம் இதுவே. ஆட்டம் தொடங்கியபின் கண்டுபிடித்தால் ஆட்டத்தை நிறுத்தித் திருத்த நேரிடும்.

தொடக்க ஐவரின் 'களத்தில்' என்ற கட்டத்தில் சிறு பெருக்கல் குறி இடுங்கள். வட்டம் இப்போது வேண்டாம். ஆட்டம் தொடங்கும்போது களத்தில் நிற்பவர்களைப் பார்த்து அதன்பின் வட்டமிடுங்கள். சொன்ன ஐவரும் நின்ற ஐவரும் வேறாக இருப்பது இளையோர் ஆட்டங்களில் அடிக்கடி நடக்கும்.

6. மேசையில் பேசும் மொழியை முடிவு செய்யுங்கள்

இந்தப் படியை எந்தக் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை. ஆனால் பெங்களூருவில் இதைத் தவிர்த்தால் தாள் கெடும்.

ஒரு மேசையில் நால்வர் உட்கார்ந்தால் தமிழ், கன்னடம், இந்தி, ஆங்கிலம் என நான்கும் வரும். எண்ணை ஒருவர் தமிழில் சொல்லி மற்றவர் கன்னடத்தில் திருப்பிச் சொன்னால், கூட்டத்தின் இரைச்சலில் 'ஐந்து' எது, 'பதினைந்து' எது என்று தெரியாது. எண்களை ஆங்கிலத்தில், இலக்கம் இலக்கமாகச் சொல்வதென்று வைத்துக்கொள்ளுங்கள்: 15 என்றால் 'ஒன் ஃபைவ்'. அணியை நிறத்தால் சொல்லுங்கள்: 'வெள்ளை, ஒன் ஃபைவ்'.

இதைவிடப் பெரிய சிக்கல் எழுத்துகளில் இருக்கிறது. ஃபவுலின் வகையை அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்தால் குறிக்கிறோம். டெக்னிக்கல் (உடல் மோதல் இல்லாத நடத்தைத் தவறு), டிஸ்குவாலிஃபையிங் (ஆட்டத்திலிருந்தே வெளியேற்றப்படும் பெருந்தவறு) இரண்டும் நம் வாயில் 'டி' என்றே வருகின்றன. பர்சனல் ஃபவுலும், பெஞ்சில் இருப்பவர்கள் காரணமாகத் தலைமைப் பயிற்சியாளர்மீது விதிக்கப்படும் டெக்னிக்கலும் 'பி'. இதோடு இரண்டாவது அணியும் 'பி'.

ஒரு பயிற்சி ஆட்டத்தில் உதவி ஸ்கோரராக இருந்த மாணவி "ஒன் ஒன், டி" என்றாள். பேனா பிடித்திருந்த பெண் எழுதிவிட்டுத் திரும்பி, "அக்கா, நடுவர் அந்தப் பெண்ணை வெளியே அனுப்பவே இல்லையே?" என்று கேட்டாள். தாளில் டிஸ்குவாலிஃபையிங் விழுந்திருந்தது. நடந்ததோ, பந்தை நடுவரிடம் தராமல் தட்டிவிட்டதற்கான சாதாரண டெக்னிக்கல். 15 வயதுப் பெண்ணின் பெயருக்கு நேரே, அவள் செய்யாத பெருந்தவறு ஒரு நிமிடம் எழுதப்பட்டுக் கிடந்தது. அன்றிலிருந்து என் மேசையில் ஒற்றை எழுத்துச் சொல்வதில்லை. 'பர்சனல்', 'டெக்னிக்கல்', 'அன்ஸ்போர்ட்ஸ்', 'டிஸ்குவாலிஃபை', 'கோச்', 'பெஞ்ச்' என்று முழுச் சொல்லாகவே சொல்ல வேண்டும்.

7. தொடக்கப் பந்தும் அம்புக்குறியும்

தொடக்கத்தில் நடுவர் பந்தை மேலே எறிந்த பிறகு, எந்த அணி முதலில் பந்தைத் தன் வசப்படுத்துகிறது என்று பாருங்கள். அந்த வாய்ப்பை இழந்த அணிக்குச் சாதகமாக அம்புக்குறியை வையுங்கள். அடுத்து 'ஜம்ப் பால்' நிலை (இரு அணியினரும் பந்தைப் பற்றிக்கொண்டு நிற்பது போன்றது) வரும்போது பந்து அவர்களுக்கு. பந்தைத் தட்டியவர் யார் என்பது கணக்கில்லை, பிடித்துத் தன் வசம் வைத்தவர் யார் என்பதே கணக்கு.

புதியவர்களில் பெரும்பாலோர், நடுவர் கை காட்டியவுடனே அம்புக்குறியைத் திருப்பிவிடுகிறார்கள். எல்லைக்கு வெளியிலிருந்து எறியப்படும் பந்து களத்திலுள்ள ஒருவரை விதிப்படி தொட்ட பிறகே திருப்ப வேண்டும். இடையில் எதிரணி ஃபவுல் செய்தால் எறிந்த அணி தன் அம்புக்குறியை இழக்கக் கூடாது என்பதே காரணம்.

முதல் பாதி முடிந்த இடைவேளைக்குப் பின் அணிகள் கூடை மாறுவதால், அம்புக்குறியின் திசையையும் மாற்ற வேண்டும். இதை முதன்மை நடுவர் பார்க்கும்படி செய்யுங்கள்.

8. புள்ளிகளை எழுதும் வரிசை

ரன்னிங் ஸ்கோர் பகுதியில் 1 முதல் 160 வரை எண்கள் அச்சிட்டிருக்கும். கூடை விழுந்தால் புதிய மொத்தத்தின் மேல் ஒரு சாய்கோடு. அதன் பக்கத்து வெற்றிடத்தில் புள்ளி எடுத்தவரின் எண். மூன்று புள்ளியாக இருந்தால் அந்த வீராங்கனையின் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காகத் தடுப்பாரின்றி எறியும் ஒரு புள்ளி வாய்ப்பு) விழுந்தால் மொத்தத்தின் மேல் நிரப்பிய சிறு வட்டம்.

சாய்கோடு புதிய மொத்தத்தின் மேல் மட்டுமே விழ வேண்டும். 22-இலிருந்து இரண்டு புள்ளி எடுத்தால் 24 மட்டும் கோடு பெறும், 23 வெறுமையாக இருக்கும். இரண்டையும் அடிப்பவர்கள் உண்டு; அப்படி அடித்தால் எது கூடை, எது ஃப்ரீ த்ரோ என்று பின்னால் பிரிக்க இயலாது.

எழுதும்போது கையும் வாயும் சேர்ந்து இயங்கட்டும். உதவி ஸ்கோரர் "வெள்ளை, ஒன் ஃபைவ், இரண்டு" என்று சொல்ல, ஸ்கோரர் எழுதிக்கொண்டே "வெள்ளை 24" என்று மொத்தத்தைச் சொல்ல வேண்டும். உதவி ஸ்கோரர் பலகையைப் பார்த்து "சரி" என்பார். ஒவ்வொரு கூடைக்கும் இதைச் செய்தால், பலகைக்கும் தாளுக்கும் வேறுபாடு வந்தாலும் ஒரே கூடைக்குள் தெரிந்துவிடும்.

வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று பல மாதம் கவனித்தேன். ஏறக்குறைய எப்போதும், ஸ்கோரர் அவசரமில்லாத வேறொன்றை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில்தான் கூடை தவறிப் போயிருக்கும். மாற்று வீராங்கனைக்கான பெருக்கல் குறியை அழகாக இட்டுக்கொண்டிருக்கையில் எதிர்முனையில் பந்து விழுந்துவிடும். ஆகவே இரண்டு நிகழ்வுகள் நெருங்கி வந்தால், பின்னால் கண்டுபிடிக்க முடியாததை முதலில் எழுதுங்கள். புள்ளி முதலில். ஃபவுல் அடுத்து. டைம் அவுட் அதற்கடுத்து. களத்தில் புகுந்தவருக்கான குறி கடைசி, ஏனெனில் அந்தப் பெண் கண்முன்னே களத்தில்தான் நிற்கிறாள். அரை நிமிடம் கழித்துப் பார்த்தும் இடலாம்.

இரு சிறு விதிகள். ஒரு வீராங்கனை தவறுதலாகத் தன் அணியின் கூடையிலேயே போட்டுவிட்டால், அந்தப் புள்ளி களத்திலுள்ள எதிரணிக் கேப்டனின் பெயரில் எழுதப்படும். கூடைக்குள் விழுமுன் எதிரணி விதிமீறித் தடுத்ததற்காக நடுவர் புள்ளி வழங்கினால், எறிந்தவரின் எண்ணையே எழுத வேண்டும்.

9. ஃபவுல்: நடுவரின் கையைப் படித்தபின் பேனா

ஃபவுல் நடந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். யார் செய்தார் என்றும் உங்களுக்குத் தோன்றும். அதை எழுதிவிடாதீர்கள். நடுவர் மேசைக்குத் தெரியும் இடத்துக்கு வந்து, முதலில் எண், அடுத்து ஃபவுலின் வகை, இறுதியில் எத்தனை ஃப்ரீ த்ரோ அல்லது ஆட்டம் எந்தத் திசையில் தொடரும் என்று வரிசையாகக் காட்டுவார். உங்கள் பேனாவும் அதே வரிசையில் நகரட்டும்.

எண்களைக் காட்டும் முறையை இங்கே விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் தவறுகளில் பாதி இங்கேதான். 1 முதல் 10 வரை விரல்கள். 11 முதல் 15 வரை ஒரு கை மூடிய முஷ்டி, மறு கையில் மீதி விரல்கள். 16 முதல் இரண்டு அசைவுகள்: முதலில் புறங்கை உங்களை நோக்கிப் பத்தின் இலக்கத்தைக் காட்டும், பிறகு உள்ளங்கை உங்களை நோக்கி ஒன்றின் இலக்கத்தைக் காட்டும். புறங்கையில் இரண்டு விரல், உள்ளங்கையில் நான்கு விரல் என்றால் 24. முதல் அசைவை மட்டும் பார்த்துவிட்டுக் குனிந்தால் 24 என்பது 2 ஆகிவிடும். இரண்டாவது அசைவு முடியும்வரை கண்ணைத் தாழ்த்தாதீர்கள்.

பார்த்ததும் உதவி ஸ்கோரர் எண்ணைச் சொல்ல வேண்டும், ஸ்கோரர் திருப்பிச் சொல்லி எழுத வேண்டும். வீராங்கனையின் வரிசையில் வகையின் எழுத்து. ஃப்ரீ த்ரோ இருந்தால் அதன் அருகில் எண்ணிக்கை. இங்கே எழுதுவது வழங்கப்பட்ட ஃப்ரீ த்ரோக்களின் எண்ணிக்கை. விழுந்தவற்றின் எண்ணிக்கை என்று நினைத்துக் காத்திருந்து, ஒன்று விழுந்ததும் 1 என்று எழுதியவர்களை எத்தனையோ முறை திருத்தியிருக்கிறேன். விழுந்தவை ரன்னிங் ஸ்கோரில் புள்ளியாக ஏறிவிடும். விழாதவற்றை ஸ்கோர் தாள் எழுதுவதில்லை.

கூடையும் விழுந்து ஃபவுலும் நடந்தால், நடுவர் கூடை செல்லும் என்று காட்டும்வரை பொறுத்து, முதலில் புள்ளி, அடுத்து ஃபவுல், அதன் அருகில் 1.

வீராங்கனையின் வரிசைக்கு அடுத்து அணி ஃபவுல் கட்டத்தில் பெருக்கல் குறி. பின்பு அந்த வீராங்கனையின் மொத்த ஃபவுல் எண்ணை டைமரிடம் சொல்லுங்கள்; அந்த எண்ணுள்ள அட்டையை இரு பயிற்சியாளர்களுக்கும் தெரியும்படி அவர் உயர்த்துவார். எண்ணை முதலில் சொல்லிவிட்டு, பின்பு எழுத உட்காருபவர்கள் எண்ணிக்கையை நினைவிலிருந்து சொல்கிறார்கள் என்று பொருள். எழுதிய வரிசையைப் பார்த்து எண்ணிய பிறகே அட்டை எழ வேண்டும்.

அணி ஃபவுலில் (ஒரு குவார்ட்டரில் அணியின் வீராங்கனைகள் செய்த ஃபவுல்களின் கூட்டு எண்ணிக்கையில்) மூன்று இடங்களில் சறுக்குகிறார்கள்.

முதலாவது, பயிற்சியாளர்மீதும் பெஞ்சின்மீதும் விழும் டெக்னிக்கல் அணி ஃபவுலில் சேராது; வீராங்கனைகள் செய்தவை மட்டுமே சேரும்.

இரண்டாவது, பந்தைத் தன் வசம் வைத்திருக்கும் அணியின் வீராங்கனை செய்யும் ஃபவுலும் அணிக் கணக்கில் ஏறும். அதற்கு ஃப்ரீ த்ரோ இல்லை என்பதால் ஏறாது என்று எண்ணிவிடக் கூடாது.

மூன்றாவது, சிவப்பு அடையாளத்தை வைக்கும் நேரம். நான்காவது அணி ஃபவுல் விழுந்தவுடன் வைக்கக் கூடாது. அந்த ஃபவுலுக்குப் பின் பந்து மீண்டும் உயிர் பெறும்போதுதான் வைக்க வேண்டும். முன்கூட்டி வைத்தால், அந்த நான்காவது ஃபவுலுக்கே இரண்டு ஃப்ரீ த்ரோ உண்டு என்று எதிரணிப் பெஞ்ச் எழுந்து நிற்கும்.

ஐந்தாவது ஃபவுல் விழுந்தால் உடனே நடுவருக்குத் தெரிவியுங்கள். இரண்டு டெக்னிக்கல், இரண்டு அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக் (விளையாட்டுப் பண்புக்குப் புறம்பான ஃபவுல்), அல்லது ஒவ்வொன்றும் ஒன்று சேர்ந்தாலும் அந்த வீராங்கனை ஆட்டத்திலிருந்து விலக வேண்டும். நடுவர் அடுத்தடுத்த நிகழ்வுகளில் இருப்பார். இந்தக் கூட்டலைச் செய்து சொல்ல வேண்டியது உங்கள் தாள்.

10. டைம் அவுட்டும் மாற்று வீராங்கனையும்

முதல் பாதியில் ஓர் அணிக்கு இரண்டு டைம் அவுட், இரண்டாம் பாதியில் மூன்று, ஒவ்வொரு கூடுதல் நேரத்துக்கும் ஒன்று. நான்காவது குவார்ட்டரின் கடைசி 2 நிமிடத்தில் இரண்டுக்கு மேல் எடுக்க முடியாது. ஆகவே இரண்டாம் பாதியில் ஒன்றுகூட எடுக்காத அணி இருந்தால், கடிகாரம் 2:00 காட்டும்போது அதன் முதல் கட்டத்தை இரு கிடைக்கோடுகளால் அடைத்துவிடுங்கள்.

கட்டத்தில் எழுத வேண்டியது, அந்தக் குவார்ட்டரின் எத்தனையாவது நிமிடம் என்பது. கடிகாரம் இறங்குமுகமாக ஓடுவதால் குழப்பம் வரும். 10-இலிருந்து கடிகாரத்தில் தெரியும் நிமிடத்தைக் கழியுங்கள்: 6:40 என்றால் 4, 0:50 என்றால் 10. கூடுதல் நேரத்தில் 5-இலிருந்து கழியுங்கள்.

டைம் அவுட்டைத் தலைமைப் பயிற்சியாளரோ முதல் உதவிப் பயிற்சியாளரோ கேட்க வேண்டும். மாற்றத்தை உள்ளே போகப் போகிற வீராங்கனையே மேசைக்கு வந்து கேட்க வேண்டும். கேட்டவுடன் ஹாரன் ஒலிக்கக் கூடாது. பந்து செயலற்று, கடிகாரம் நின்று, நடுவர் மேசையோடு பேசி முடிக்கும்வரை பொறுக்க வேண்டும்.

கூடை விழுந்த தருணத்தில் புள்ளி இழந்த அணிக்கு டைம் அவுட் வாய்ப்பு உண்டு. புள்ளி எடுத்த அணிக்கு இல்லை. அதே தருணத்தில் வீராங்கனையை மாற்றுவது நான்காவது குவார்ட்டரின் கடைசி 2 நிமிடத்திலும் கூடுதல் நேரத்தின் கடைசி 2 நிமிடத்திலும், புள்ளி இழந்த அணி கேட்டிருந்தால் மட்டுமே. இதைத் தவறாக ஒலித்தால் ஒரு வேகத் தாக்குதல் நின்றுவிடும் என்பதால், இந்தத் தருணங்களில் கேட்டது எந்த அணி என்பதைக் கிறுக்கல் தாளில் ஒரு குறியாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதன்முறை களத்தில் புகும் வீராங்கனைக்கு வட்டமில்லாத சிறு பெருக்கல் குறி. டைம் அவுட்டுக்கிடையிலும் குவார்ட்டர் இடைவேளையிலும் நடக்கும் மாற்றங்கள் கண்ணில் படாமல் போகும். ஒவ்வொரு குவார்ட்டர் தொடங்கும்போதும் களத்திலுள்ள பத்து எண்களையும் ஒருமுறை தாளோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

11. குவார்ட்டர் முடிந்ததும்

இரு அணிகளின் கடைசி மொத்தத்தைச் சுற்றித் தடித்த வட்டமும், அதன் கீழும் கடைசியாகப் புள்ளி எடுத்தவரின் எண்ணின் கீழும் தடித்த கிடைக்கோடும் இடுங்கள். பயன்படாத அணி ஃபவுல் கட்டங்களையும், பாதி முடியும்போது பயன்படாத டைம் அவுட் கட்டங்களையும் இரு கோடுகளால் அடையுங்கள். இரண்டாவது குவார்ட்டர் முடிவில் வீராங்கனைகளின் ஃபவுல் வரிசைகளில் பயன்பட்ட கட்டத்துக்கும் பயன்படாததற்கும் இடையே தடித்த கோடு வேண்டும்.

எல்லாம் முடிந்த பின்னரே பேனாவின் நிறத்தை மாற்றுங்கள். பழைய பேனாவைப் பைக்குள் போட்டுவிடுங்கள். மேசையில் இரண்டும் கிடந்தால் கை எதையாவது எடுக்கும்.

12. தவறு தெரிய வந்தால்

ஆட்டத்தின் நடுவில் தவறு தெரிந்தால், பந்து செயலற்றுக் கடிகாரம் நிற்கும்வரை பொறுத்து, அதன்பின் ஹாரனால் நடுவரை அழையுங்கள். தாள் சரி, பலகைதான் தவறு என்று உறுதியாகத் தெரிந்தால் பலகையை உடனே திருத்தச் சொல்லலாம். ஐயம் இருந்தாலோ, ஓர் அணி மறுத்தாலோ, முதன்மை நடுவரிடம் சொல்லாமல் எதையும் தொடாதீர்கள்.

அடித்து அடித்து எழுதவோ, ஒயிட்னர் பூசவோ கூடாது. என்ன நேர்ந்தது, எந்தக் கூடை, எந்த எண் என்று சொல்லத் தயாராக இருங்கள். "எங்கேயோ இரண்டு குறைகிறது" என்று சொல்லும் ஸ்கோரரால் நடுவருக்குப் பயனில்லை. "34-க்குப் பிறகு வெள்ளை 8 போட்ட கூடை எழுதப்படவில்லை" என்று சொன்னால் பத்து விநாடியில் முடியும். குரல் கொடுத்து மொத்தத்தைச் சொல்லும் பழக்கம் இங்கே கை கொடுக்கும்.

13. கூடுதல் நேரம்

சமநிலையில் முடிந்தால் 5 நிமிடம் கூடுதல் நேரம். நீலப் பேனாவே தொடரும். அணி ஃபவுல்கள் நான்காவது குவார்ட்டரின் தொடர்ச்சியாகக் கொள்ளப்படும். ஆகவே சிவப்பு அடையாளம் வைக்கப்பட்டிருந்தால் அதை எடுத்துவிடாதீர்கள். அம்புக்குறியும் இருந்தபடியே தொடரும். பரபரப்பில் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும் எண்ணம் வரும்.

14. முடிவும் கையெழுத்துகளும்

இறுதி மொத்தத்தின் கீழும் கடைசிப் புள்ளி எடுத்தவரின் எண்ணின் கீழும் இரு தடித்த கோடுகள். மிஞ்சிய எண்களின் மேல் அடிவரை ஒரு சாய்கோடு. குவார்ட்டர்வாரிப் புள்ளிகள், இறுதி ஸ்கோர், வென்ற அணியின் பெயர். நான்கு குவார்ட்டர்களின் புள்ளிகளைக் கூட்டி இறுதி எண்ணோடு ஒப்பிட்ட பிறகே பேனாவைக் கீழே வையுங்கள்.

அடுத்து டைமர், ஷாட் கிளாக் இயக்குபவர், உதவி ஸ்கோரர், ஸ்கோரர் ஆகியோர் பெயரெழுதிக் கையெழுத்திட வேண்டும். பின்பு துணை நடுவர்கள், கடைசியாக முதன்மை நடுவர். அவர் கையெழுத்திடும்வரை பதிவுப் பிழையைத் திருத்தலாம். கையெழுத்திட்டபின் தாளைத் தொட முடியாது, அறிக்கை அனுப்புவது ஒன்றே வழி. ஆகவே அவர் பேனாவை எடுக்குமுன், நீங்கள் ஒருமுறை மேலிருந்து கீழே விரல் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

தோற்ற அணியின் கேப்டன் எதிர்ப்புத் தெரிவித்துக் கையெழுத்திட விரும்பினால், ஆட்டம் முடிந்த 15 நிமிடத்துக்குள் அதைச் செய்யலாம். அழுதுகொண்டே மேசைக்கு வரும் 16 வயதுப் பெண்ணாக அவள் இருக்கலாம். எந்த இடத்தில் கையெழுத்திட வேண்டும் என்று விரலால் காட்டி, பேனாவைக் கொடுங்கள். முதன்மை நடுவர் விடுவிக்கும்வரை மேசையிலுள்ள யாரும் எழக் கூடாது.

விடுவித்ததும் வெள்ளைத் தாளைத் தனியே எடுத்து வைத்து, நீல நகலை அமைப்பாளரிடமும், இளஞ்சிவப்பை வென்ற அணியிடமும், மஞ்சளைத் தோற்ற அணியிடமும் கொடுங்கள்.